எர்த் வயரின் தடிப்பு பற்றிச் சண்டை வேண்டாம், ரொட் எத்தனை ஓம் என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வயரிங் வேலை நடக்கும்போது கட்டாயம் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது: மண்ணுக்குள் அடிக்கிற எர்த் ரொட்டுக்கு எவ்வளவு மொத்தமான வயர் போட வேண்டும்? கேட்பது நல்லதுதான். ஆனால் பதில்கள் நாலு திசையிலிருந்து வருகின்றன. லண்டனில் இருக்கிற மாமா 16 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று போனில் சொல்கிறார், கனடாவில் இருக்கிற தம்பி 6ஆம் நம்பர் வயர் என்கிறார், ஹாட்வெயார் கடையில் "எல்லாரும் 7/1.04 தான் கொண்டு போகினம்" என்கிறார்கள் (1.04 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு இழை என்று பொருள்), வேலை செய்ய வந்தவர் சொக்கெற்றுக்கு இழுத்து மிஞ்சிய 7/0.67 துண்டே போதும் என்று நிற்கிறார். இந்த வாக்குவாதம் ஓய்வதற்குள் ரொட் அடித்து, மேலே சீமெந்தும் பூசி முடிந்துவிடுகிறது. அந்த ரொட் மண்ணோடு எத்தனை ஓம் தடை காட்டுகிறது என்று ஒருவரும் அளக்கவில்லை.

அதுதான் எனக்குப் பெரிய கவலை. நான் இந்த வேலையில் நீண்ட காலம் இருப்பவன். வயர் வாங்குவதில் இவ்வளவு கவனம் எடுக்கிற குடும்பங்கள், உயிரைக் காப்பாற்றுகிற அந்த ஒரு அளவீட்டைக் கேட்காமலே வீடு குடிபுகுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

லண்டன் மாமாவும் கனடாத் தம்பியும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது அவர்களுடைய ஊருக்குச் சரி. லண்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு எர்த் என்பது மின்சாரம் கொடுக்கிற கேபிளோடேயே வருகிறது. ஒரு உயிர்க் கம்பி இரும்பில் பட்டால் மின்னோட்டம் மண்ணுக்குள் போவதில்லை, உலோகக் கம்பி வழியாகவே ட்ரான்ஸ்போமருக்குத் திரும்பி ஓடுகிறது, அதனால் அது நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரம் அம்பியருக்கு மேலேயும் போகும். அவ்வளவையும் உருகாமல் தாங்க வேண்டிய வயர் மொத்தமாகத்தான் இருக்க வேண்டும், அங்கே 25 சதுர மில்லிமீற்றர் மெயின் வயருக்கு 16 எர்த் என்பது அப்படி வந்த கணக்கு. கனடாவில் வேறு விதம். அங்கே மெயின் பெட்டிக்குள்ளேயே நொதுமல் (நியூட்ரல்) கம்பியையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள், உயிர்க் கம்பி இரும்பில் படும்போது ஓடுகிற பிழை மின்னோட்டம் நொதுமல் வழியாகத் திரும்புகிறது. ரொட் இருப்பது மின்னல், தெருவில் மேலே போகிற லைனிலிருந்து திடீரென்று ஏறி வரும் வோல்ற்று போன்றவற்றுக்காக. ஆகவேதான், இதே முறை இருக்கிற அமெரிக்காவின் தேசிய மின்விதி, வீட்டு மெயின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ரொட்டுக்கு மட்டும் போகிற செப்பு வயர் 6ஆம் நம்பரை விடப் பெரிதாக இருக்கத் தேவையில்லை என்கிறது. 6ஆம் நம்பர் என்றால் 13.3 சதுர மில்லிமீற்றர். காரணம் மிகவும் எளியது: ஒரு ரொட்டால் மண்ணுக்குள் தள்ளக்கூடிய மின்னோட்டம் கொஞ்சம்தான், அதற்கு மேல் வயரை மொத்தமாக்கி என்ன பயன்?

நமது ஊரில் இரண்டும் இல்லை. இலங்கையில் வீடுகளுக்கு வருவது உயிர்க் கம்பியும் நொதுமலும் மட்டும்தான், ட்ரான்ஸ்போமரடியில் நொதுமலை மண்ணோடு கட்டியிருக்கிறார்கள், நம் வீட்டு எர்த்தை நாமே நம் வளவுக்குள் அடித்துக்கொள்ள வேண்டும். பிஎஸ் 7671 என்கிற பிரித்தானிய வயரிங் விதியில் இதற்கு ரிரி (TT) முறை என்று பெயர். இங்கே ஒரு பிழை நடந்தால் மின்னோட்டம் நம்முடைய ரொட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, மண் வழியே நடந்து, ட்ரான்ஸ்போமரடி ரொட்டில் ஏற வேண்டும். வழி முழுக்க மண். கனடாத் தம்பி சொன்னார் என்பதற்காக மெயின் பெட்டிக்குள் நொதுமலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியே நொதுமல் அறுந்தால் உங்கள் வீட்டுப் பிரிட்ஜ், மோட்டர், இரும்புக் கதவு எல்லாம் உயிராகிவிடும். சேர்த்த இடத்தைப் பொறுத்து, மின்னோட்டம் கசிந்தால் மின்சாரத்தை நிறுத்துகிற ட்ரிப் சுவிச்சும் ஒன்றில் சும்மா சும்மா விழும், அல்லது விழ வேண்டிய நேரத்தில் விழாது.

இனி ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 10 மீற்றர் நீளமான 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை ஏறக்குறைய 0.012 ஓம். அதே நீளத்தில் 4 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 0.046 ஓம். வித்தியாசம் ஓமின் நூறில் சில பங்குதான். அந்த வயர் போய்ச் சேருகிற ரொட் 70 ஓம், 150 ஓம், கல்நிலத்தில் 700 ஓம் என்று நிற்கிறது. வயரை நாலு மடங்கு மொத்தமாக்கினாலும் அந்த 70 ஓம் 70 ஓமாகவே இருக்கும்.

அந்த 70 ஓம் வீட்டில் கிணற்றடி மோட்டரின் சுருள் எரிந்து உயிர்க் கம்பி மோட்டர் உடம்பில் பட்டுவிட்டது என்று வையுங்கள். ட்ரான்ஸ்போமரடி ரொட் 10 ஓம் என்று வைத்தால் மொத்தம் 80 ஓம். 230 வோல்ற்றில் ஓடக்கூடியது 3 அம்பியருக்கும் கொஞ்சம் குறைவு. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் ஓடினால் விழுகிற எம்சிபி சுவிச்சில் 32 அம்பியர் இருக்கட்டும், 6 அம்பியர் எம்சிபிகூட இதற்கு அசையாது. மோட்டர் உடம்பில் ஏறக்குறைய 200 வோல்ற்று நிற்கும். ஈரக்காலோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு அது தெரியாது. எர்த் வயர் 16 ஆக இருந்தாலும் 25 ஆக இருந்தாலும் நிலைமை இதுதான். ரிரி முறையில் எர்த் ரொட் தனியாக யாரையும் காப்பாற்றாது, ட்ரிப் சுவிச்சும் ரொட்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருந்தால் கணக்கு அடியோடு மாறுகிறது. பழுதான பொருளின் உடம்பைத் தொடும்போது படுகிற வோல்ற்று 50க்கு மேலே போகாமல் இருக்க வேண்டும் என்பது விதி, 50ஐ 0.03ஆல் வகுத்தால் 1667 ஓம். அதாவது காகிதத்தில் பார்த்தால் 1667 ஓம் வரை இருக்கிற மோசமான ரொட்டும் போதும். 100 மில்லி அம்பியர் சுவிச் என்றால் 500 ஓம். ஆனால் அதே பிஎஸ் 7671 இன்னொன்றும் சொல்கிறது, 200 ஓமுக்கு மேலே போகிற எர்த் நிலையாக நிற்காமல் போகலாம் என்று. மழைக்காலத்தில் 300 காட்டின ரொட் சோளகக் காற்று வீசி மண் காய்ந்தபின் எங்கே போய் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே 200க்குக் கீழே, முடிந்தால் 100க்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். அளவெடுப்பதும் ஐப்பசி கார்த்திகை மழைக்குள் வேண்டாம், ஆடி ஆவணியில் எடுங்கள். அந்த மாதங்களில் கிடைக்கிற எண்தான் உண்மையான எண்.

அப்போ வயருக்கு அளவே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது வேறு காரணத்துக்காக வருகிற அளவு. பிழை மின்னோட்டத்தை மட்டும் வைத்து விதியில் சொன்ன சூத்திரத்தில் போட்டால், நல்ல ரொட் 10 ஓம் என்று வைத்து, ட்ரிப் சுவிச் மெதுவாக 0.3 செக்கனில் விழுகிறது என்று வைத்தாலும், வருகிற விடை 0.1 சதுர மில்லிமீற்றருக்கும் குறைவு, தலைமயிர் போல ஒரு கம்பி. அதை யாரும் போட மாட்டார்கள், போடவும் கூடாது, ஏனென்றால் மண்வெட்டி படும், பைப்பைப் பிடித்து இழுப்பார்கள், உப்புக்காற்று தின்னும். எர்த் வயரின் அளவைத் தீர்மானிப்பது இந்த அடியும் அரிப்பும்தான். சர்வதேச மின்தரங்களை வகுக்கிற ஐஇசியின் விதி, செப்பு எர்த் வயர் 6 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்கிறது, நம் கடைகளில் 7/1.04 என்று கேட்டு வாங்குவது அதுதான். பச்சை மஞ்சள் உறை போட்ட அந்த வயரைப் பிவிசி பைப்புக்குள் விட்டு ரொட்டடி வரை கொண்டுபோனால் சாதாரண வீட்டுக்குப் போதும். பைப் இல்லாமல் உறை வயரை நேரே மண்ணுக்குள் புதைக்கிறீர்கள் என்றால் 16, அதாவது 7/1.70. உறையும் இல்லாத வெறும் செப்பை மண்ணில் புதைத்தால் 25. லண்டன் மாமாவின் 16 இப்படி ஒரு இடத்தில் நமக்கும் வருகிறது, ஆனால் காரணம் வேறு. கையில் இருக்கிற காசுக்கு என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், 6 சதுர மில்லிமீற்றர் வயரையும் ஒரு துண்டுப் பைப்பையும் வாங்கி, மிச்சக் காசை இரண்டாவது ரொட்டுக்குப் போடுங்கள் என்பேன். அந்த 7/0.67 துண்டை மட்டும் ரொட்டுக்குப் போட விடாதீர்கள்.

ரொட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடாநாட்டு மண் அப்படி. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துத் தோட்டச் செம்மண்ணில் ஈரம் இருக்கும்வரை பரவாயில்லை. ஆனால் அந்தச் செம்மண்ணுக்குக் கீழே எல்லா இடமும் சுண்ணாம்புக்கல், கீரிமலை, புத்தூர்ப் பக்கம் அது மேலேயே தலைகாட்டுகிறது. மணற்காடு, வல்லிபுரம் போனால் காய்ந்த மணல். தீவுப்பகுதியில் முருகைக்கல். கடையில் விற்கிற 4 அடி ரொட் 16 மில்லிமீற்றர் தடிப்பு. ஈர மண்ணின் தடையை 100 ஓம் மீற்றர் என்று வைத்தால் அந்த ரொட் ஏறக்குறைய 72 ஓம் காட்டும். காய்ந்த மணலுக்கு 1000 என்று வைத்தால் 700 தாண்டும். இதில் முக்கியமானது, ரொட்டின் தடிப்பை இரட்டிப்பாக்கினால் 72 என்பது 62 ஆகத்தான் குறைகிறது, நீளத்தை இரட்டிப்பாக்கினால் 40க்கு வந்துவிடுகிறது. மொத்த ரொட் என்று கூடுதல் காசு கொடுத்து வாங்குவதை விட ஆழமாகப் போகிற ரொட் மேல். ஆழம் போனால் கோடையிலும் ஈரம் கிடைக்கும் என்பது இன்னொரு இலாபம். அமெரிக்காவில் ரொட் 8 அடி, கனடாவில் 3 மீற்றர் நீளமான இரண்டு ரொட்டுகள், ஒன்றிலிருந்து மற்றது குறைந்தது 3 மீற்றர் தள்ளி. நாம் 4 அடியோடு நிற்கிறோம்.

அதையும் முழுதாக அடிப்பதில்லை! இரண்டு அடியில் கல் தட்டியதும் மிச்சத்தை ஹக்சோவால் வெட்டிவிட்டு மேலே சீமெந்து பூசிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஈரச் செம்மண்ணில்கூட இரண்டு அடி ரொட் 125 ஓம் காட்டும், மேல்மண் காய்ந்தால் அதுவும் போச்சு. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று ரொட் முழுதாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல் தட்டினால் இடத்தை மாற்றிப் பார்க்கலாம், சரித்து அடிக்கலாம், அல்லது வாழைக்குத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாக நீளக் கிடங்கு வெட்டி 25 சதுர மில்லிமீற்றர் வெறும் செப்புக்கம்பியைப் படுக்கவைத்து மூடலாம், அதுவும் விதி ஏற்றுக்கொள்கிற எர்த்தான். இரண்டு ரொட் அடிக்கிறீர்கள் என்றால் பக்கத்தில் பக்கத்தில் அடிக்காதீர்கள், ஒரு ரொட்டின் நீளமாவது தள்ளி அடியுங்கள், அல்லாவிட்டால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும், இரண்டாவது ரொட்டின் முழுப் பயன் கிடைக்காது. உப்பும் கரியும் கொட்டுகிற பழைய பழக்கம் முதல் வருடம் நல்ல எண் காட்டும், பிறகு மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும், மிஞ்சிய உப்பு கிளாம்பைத் தின்றுவிடும். குடிக்கிற கிணற்றுக்குள் எர்த் கம்பியை இறக்குவதையும் விடுங்கள், பிழை நடக்கிற நேரத்தில் ஒருவர் அங்கே குளித்துக்கொண்டு நிற்கலாம்.

அத்திவாரம் இன்னும் போடாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹேர்பட் யூஃபர் என்ற பொறியியலாளர் அமெரிக்காவின் அரிசோனாவில், மழை குறைந்த காய்ந்த நிலத்தில் கட்டிய குண்டுக் களஞ்சியங்களுக்கு எர்த் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் அத்திவாரக் கொங்கிறீற்றுக்குள் இருக்கிற இரும்புக் கம்பிகளையே எர்த்தாகப் பயன்படுத்தினார். மண்ணோடு ஒட்டியிருக்கிற கொங்கிறீற் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், பரப்பும் பெரிது, ஆகவே தடை குறைவு. இன்றைக்கு அமெரிக்க விதியில் 13 மில்லிமீற்றர் கம்பி 6 மீற்றர் நீளம் அத்திவாரத்துக்குள் இருந்தால் அதை எர்த்தாக எடுக்கலாம், பிஎஸ் 7671உம் அத்திவாரத்துக்குள் இருக்கிற இரும்பை ஏற்றுக்கொள்கிறது. நம் சுண்ணாம்புக்கல் நிலத்துக்கு இது அவ்வளவு பொருத்தம்! கொங்கிறீற் போடுவதற்கு முன்பு ஒரு கம்பித் துண்டை இறுக்கமாகக் கட்டி மெயின் பெட்டி வரப்போகிற சுவருக்கு மேலே எடுத்துவிட்டால் போதும். அத்திவாரத்துக்குக் கீழே பொலித்தீன் விரித்திருந்தால் மட்டும் இது வேலை செய்யாது. மேசன்மாரிடம் முதலே சொல்லிவைக்க வேண்டும், கொங்கிறீற் இறுகின பிறகு சொல்லிப் பயனில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கை, ட்ரிப் சுவிச்சில் இருக்கிற சின்னப் பொத்தானை அமத்தினால் விழுகிறது, ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்பது. அந்தப் பொத்தான் சுவிச்சுக்கு உள்ளேயே ஒரு தடையினூடாகக் கொஞ்ச மின்னோட்டத்தை விட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். உங்கள் ரொட் துருப்பிடித்து அறுந்து போயிருந்தாலும், ரொட்டே அடிக்காமல் விட்டிருந்தாலும் பொத்தான் அழகாக வேலை செய்யும். பொத்தானை இடைக்கிடை அமத்திப் பார்க்கத்தான் வேண்டும், சுவிச் இறுகிப்போகாமல் இருக்க அது உதவும். ஆனால் எர்த்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எர்த் இல்லாத வீட்டில் மோட்டர் உடம்பு உயிரோடு காத்துக்கொண்டிருக்கும், ஒருவர் தொட்டு அவருடைய உடம்பினூடாக மின்னோட்டம் ஓடிய பிறகுதான் சுவிச் விழும்.

பழைய வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்தி எர்த் வயரைக் கிணற்றடி இரும்புத் தண்ணிப் பைப்பில் சுற்றிவிடுவார்கள். பிறகு அந்தப் பைப் பழுதாகி நடுவில் ஒரு துண்டு பிவிசி போட்டிருப்பார்கள். அன்றைக்கே அந்த வீட்டின் எர்த் போய்விட்டது, வீட்டுக்காரருக்குத் தெரியாது, பிளம்பருக்கும் தெரியாது. இடம்பெயர்ந்து திரும்பி வந்து அவசரத்தில் திருத்திய வீடுகளில் ட்ரிப் சுவிச்சே இல்லாமல் பழைய பியூஸ் பெட்டியோடு இன்னும் இருப்பவை உண்டு. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பெற்றோருக்கு ஏசி போட்டுக் கொடுக்கிறார்கள், சுடுதண்ணீர் ஹீற்றர் அனுப்புகிறார்கள், நல்ல விஷயம். அதற்கு முன்பு ஒரு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சும் அளந்து பார்த்த ஒரு எர்த்தும் போட்டுக் கொடுங்கள்.

வடமராட்சி, தீவுப்பகுதி கடற்கரையோர மக்களுக்கு: ரொட்டின் தலையைச் சீமெந்தால் மூடாதீர்கள். மூடியைக் கழற்றிப் பார்க்கக்கூடிய சின்னக் கொங்கிறீற் பெட்டி ஒன்று வைத்து, பித்தளைக் கிளாம்பை வருடம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். செப்பு வயரை வெறும் இரும்பில் சுற்றிக் கட்டினால் உப்புக்காற்றில் அந்த இணைப்பு விரைவில் அரித்துப் போகும்.

வயரிங் செய்யும் தம்பிமாருக்கும் ஒன்று. எர்த் ரெஸ்ரர் இல்லாமல் ரொட் சரி என்று சொல்லாதீர்கள். மின்காப்பை அளக்கிற மெகர் வேறு, இது வேறு. இரண்டு சின்னக் கம்பிகளைத் தள்ளித் தள்ளிக் குத்தி அளக்கிற கருவி இது, விலை கூடத்தான், ஒவ்வொருவரும் வாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

ஆகவே உங்கள் பத்திரிகை மூலமாக இரண்டு கோரிக்கைகள். முதலாவது, பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் ஒரு எர்த் ரெஸ்ரரை வாங்கி, பதிவுசெய்த மின்னிணைப்பாளர்களுக்கு நாள் வாடகைக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீர் பவுசரும் ட்ரக்டரும் வாடகைக்குக் கொடுக்கிற சபைகளுக்கு இது பெரிய செலவல்ல. இரண்டாவது, புதிய மின்னிணைப்புக்காகக் கொடுக்கிற பரிசோதனை அறிக்கையில் எர்த் ரொட்டின் தடை எத்தனை ஓம், எந்தத் திகதியில் அளந்தது என்பதை வீட்டுக்காரர் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சக் காசைக் கொடுக்க வேண்டும், அந்த அறிக்கையின் பிரதி ஒன்றை மெயின் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். இடம் வெறுமையாக இருந்தால் அல்லது "சரி" என்று மட்டும் எழுதியிருந்தால், அளந்து காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மின்னிணைப்பாளர் ஒருவர்,
கோப்பாய்.